கேட்கும் செவி யாருடையது?



சிம்பாப்வே நாட்டு மக்கள் பேசும் சோனா மொழியில் 'குஃபுங்கிசிசா' என்றொரு சொல் உண்டு. 'அளவுக்கு மீறி எண்ணுதல்' என்பது அதன் பொருள். நெஞ்சு கனக்கிறது, உறக்கம் வரவில்லை, உணவு பிடிக்கவில்லை, ஒன்றையே திரும்பத் திரும்ப எண்ணி மனம் ஓய மறுக்கிறது என்பன போன்ற அத்தனையையும் அந்த ஒரு சொல்லுக்குள் அவர்கள் அடக்கிவிடுவார்கள். நம் வீட்டுப் பாட்டிமார், "ரொம்ப யோசிக்காதே, யோசனையே ஆளைத் தின்னுடும்" என்பார்களே, ஏறத்தாழ அதே கருத்துதான். 'மனச்சோர்வு நோய்' என்ற பெயரைக் கேட்டால் விலகி ஓடுகிறவர்கூட, "எனக்கு யோசனை அதிகமாகிவிட்டது" என்று சொல்லத் தயங்கமாட்டார்.

ஆப்பிரிக்க நாடுகளில் மனநலத் துணை எப்படிக் கிடைக்கிறது, குறிப்பாக இணையத்தின் வழியாகவும் வேலையிடங்களின் வழியாகவும் அது எப்படி வந்து சேர்கிறது என்பதைப் பற்றிச் சில மாதங்களாகத் தேடிப் படித்து வருகிறேன். 'தமிழாசிரியருக்கு ஆப்பிரிக்காவில் என்ன வேலை?' என்று நண்பர்கள் கேட்கலாம். காரணம் உண்டு, சற்றுப் பொறுத்து அதைச் சொல்கிறேன்.

மரத்தடியில் ஓர் இருக்கை

சிம்பாப்வேயின் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டாவின் பணியிலிருந்து தொடங்குவதே முறை. 2005-ஆம் ஆண்டு அவருடைய நோயாளி ஒருவர், ஓர் இளம்பெண், தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தப் பெண்ணைத் தலைநகரிலுள்ள மருத்துவமனைக்கு அழைத்து வரப் பேருந்துக் கட்டணமாக 15 அமெரிக்க டாலர் அவருடைய தாயிடம் இல்லை. மருத்துவர் இருந்தார், மருத்துவமனை இருந்தது, அங்கே போய்ச் சேர வழியில்லை. அந்த இழப்பே தம்மை மாற்றியது என்று சிபாண்டா பல மேடைகளில் கூறியிருக்கிறார்.

மறு ஆண்டு, ஹராரே நகரின் எம்பாரே பகுதியில் ஒரு புதிய முயற்சி தொடங்கியது. மருத்துவமனையில் இடமில்லை, தாதியரும் இல்லை. கிடைத்தவர்கள் 14 பாட்டிமார் மட்டுமே. அவர்கள் முன்பே ஊர் நலப்பணி செய்துவந்தவர்கள். மருந்தகத்தின் வெளியே மரத்தடியில் ஒரு மர இருக்கை போடப்பட்டது. வருகிறவரைப் பாட்டி தம் பக்கத்தில் அமர்த்தி, சோனா மொழியிலேயே பேசுவார். முதலில் மனத்தைத் திறக்கச் செய்வது. அடுத்து, பல துன்பங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதற்கு என்ன செய்யலாம் என்று இருவருமாக எண்ணிப் பார்ப்பது. பின்பு, அடுத்தடுத்த சந்திப்புகளில் அந்த வழியை உறுதிப்படுத்துவது. முறை இவ்வளவுதான். சிபாண்டா முதலில் அதற்கு 'மனநல இருக்கை' என்று பெயரிட எண்ணினாராம். "அப்படிச் சொன்னால் ஒருவரும் வந்து உட்காரமாட்டார்கள்" என்று பாட்டிமார் மறுத்திருக்கிறார்கள். எனவே அது 'நட்பு இருக்கை' ஆயிற்று.

இது வெறும் நெகிழ்ச்சிக் கதையன்று. 2016-இல் புகழ்பெற்ற அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் இதன் ஆய்வு முடிவுகள் வெளிவந்தன. ஹராரேயில் 24 மருந்தகங்களில் 573 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு அது. ஆறு மாதங்களுக்குப் பின் சோதித்தபோது, வழக்கமான கவனிப்பைப் பெற்றவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. இருக்கையில் அமர்ந்து பேசியவர்களிடையே அது 100-க்கு 14 என்ற அளவில்தான் இருந்தது. பின்னர் இம்முறை மலாவி, சான்சிபார் எனப் பரவி நியூயார்க் நகரம் வரை சென்றது.

இதில் புதுமை ஒன்றுமில்லை என்றும் கூறலாம். நைஜீரியாவின் மனநல மருத்துவர் தாமஸ் அடியோயே லாம்போ, 1954-இலேயே அபியோகுட்டா நகருக்கு அருகிலுள்ள ஆரோ என்னுமிடத்தில், நோயாளிகளைப் பூட்டி வைக்காமல் சுற்றுவட்டாரக் கிராமத்துக் குடும்பங்களோடு தங்கவைத்துச் சிகிச்சையளித்தார். மரபு வைத்தியர்களையும் துணைக்கு அழைத்துக்கொண்டார். நோயாளியைத் தம் மக்களிடமிருந்து பிரிக்காமல் குணப்படுத்த வேண்டும் என்பதே அவர் கண்ட வழி. பிற்காலத்தில் அவர் உலகச் சுகாதார நிறுவனத்தின் துணைத் தலைமை இயக்குநராகவும் பணியாற்றினார்.

தொலைவைக் கடக்கும் கருவி

உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் தந்த கணக்கின்படி, அதன் ஆப்பிரிக்க வட்டாரத்தில் சராசரியாக 5 இலட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர்தான் இருக்கிறார். தற்கொலையால் இறப்போரோ, 1 இலட்சம் பேருக்கு 11 பேர். உலகச் சராசரி 9. இருக்கின்ற மருத்துவர்களிலும் பலர் வெளிநாட்டுக்குப் பறந்துவிடுகிறார்கள். நைஜீரியாவில் இதற்கென்றே 'ஜாப்பா' என்ற யொரூபா சொல் வழக்கில் உள்ளது. தப்பி ஓடுதல் என்று பொருள்.

இந்நிலையில் கைப்பேசி ஒரு வரமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. கென்யாவில் 2007-இல் தொடங்கிய எம்-பெசா, வங்கிக் கணக்கே இல்லாதவர்களையும் கைப்பேசி வழியே பணம் அனுப்ப வைத்தது. வங்கிக் கிளை எட்டாத ஊரைப் பணம் எட்டியதென்றால், மருத்துவர் எட்டாத ஊரை ஆலோசனை எட்டாதா? எகிப்தில் 'ஷெஸ்லாங்' என்னும் நிறுவனம் அரபு மொழியில் இணையவழி மனநல ஆலோசனையை வழங்கத் தொடங்கியது. உகாண்டாவில் பெண்களைக் குழுக்களாக அமர்த்திப் பேசவைத்து மனச்சோர்வைத் தணித்துவந்த 'ஸ்ட்ராங்மைண்ட்ஸ்' அமைப்பு, 2020-இல் பெருந்தொற்று ஊர்களை முடக்கியபோது, அக்குழுக்களைத் தொலைபேசிக்கு மாற்றியது. 15 டாலர் இல்லாமல் வீட்டிலேயே நின்றுபோன அந்தத் தாயை நினைக்கும்போது, இவற்றின் அருமை நமக்கு நன்கு விளங்கும்.

இப்பொழுது காரணத்தைச் சொல்கிறேன். எங்கள் குடியிருப்பில் நைஜீரியர் ஒருவர் குடியிருக்கிறார். கிள்ளான் பள்ளத்தாக்கிலுள்ள தனியார் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளர். அண்டை வீட்டார் என்னைச் 'சிக்கு' என்றழைப்பதைக் கேட்டு அவரும் அவ்வாறே அழைக்கிறார். நானும் அவரும் ஒரே தொழிலைச் செய்கிறவர்கள் என்பதால், விடைத்தாள் கட்டுகளைப் பற்றிப் பேசத் தொடங்கிய பழக்கம் மெல்ல நட்பாயிற்று. அவருடைய இசைவோடுதான் இதனை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை இரவு 10 மணிக்கு அவர் வீட்டுக் கதவு சாத்தப்படும். அப்பொழுது லாகோசில் பிற்பகல் 3 மணி. அங்குள்ள பெண் ஆலோசகர் ஒருவரிடம் காணொளி வழியாக ஒரு மணி நேரம் பேசுவார். சென்ற ஆண்டு, தேர்வுக் காலத்தில் அவருடைய தந்தை காலமானார். அவரால் ஊருக்குப் போக முடியவில்லை. அவர் மூத்த மகன். அதன் பிறகு மாதக்கணக்கில் அவருக்கு உறக்கமில்லை. வகுப்பில் பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் நின்றுவிடுமாம்.

"கோலாலம்பூரிலேயே நல்ல ஆலோசகர்கள் இருக்கிறார்களே?" என்று நான் கேட்டேன்.

"இருக்கிறார்கள், சிக்கு. ஆனால், தந்தையை அடக்கம் செய்யும்போது மூத்த மகன் அங்கே இல்லாமற்போவது என்றால் என்ன என்பதை அவர்களுக்கு நான் முதலில் பாடம் நடத்த வேண்டும். லாகோசில் இருப்பவருக்கு அதைச் சொல்லவே வேண்டியதில்லை. நான் ஆங்கிலத்தில் தொடங்குவேன். அழுகை வரும்போது யொரூபாவுக்கு மாறிவிடுவேன். அவரும் மாறிவிடுவார்" என்றார்.

கொள்ளி வைக்க வேண்டிய மகன் வந்து சேரவில்லையென்றால் நம் வீடுகளில் அது எத்தகைய காயம் என்பதை அறிந்தவன் என்பதால், அவர் சொன்னது எனக்கும் விளங்கியது. தாய்மொழியைக் கற்பிப்பதே என் தொழில். ஆயினும், மனிதன் தன் துயரத்தைச் சொல்வதற்கும் தாய்மொழி வேண்டியிருக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாக வேறொருவர் எனக்குச் சொன்னதில்லை.

கருவியால் கடக்க முடியாதவை

ஆனால், என் நண்பருக்குக் கிடைத்தது எல்லாருக்கும் கிடைக்காது. அவரிடம் மடிக்கணினி உண்டு, தடையற்ற இணைய இணைப்பு உண்டு, சாத்திக்கொள்ளத் தனியறை உண்டு. அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஆப்பிரிக்க மக்களில் 100-க்கு 38 பேர்தான் இணையத்தைப் பயன்படுத்தினர். பயன்படுத்துவோரிலும் பலர் தரவைச் சிறுசிறு பொட்டலமாக வாங்கி எண்ணி எண்ணிச் செலவிடுகிறவர்கள். ஒரு மணி நேரக் காணொளி அழைப்பு அவர்களுக்குப் பெருஞ்செலவு. நடுவில் மின்சாரம் போகும். ஓர் அறையில் ஐந்தாறு பேர் வாழும் வீட்டில், மாமியாரைப் பற்றியோ கணவனின் அடியைப் பற்றியோ எந்த மூலையில் நின்று பேசுவது?

மொழியும் ஒரு தடையே. ஆப்பிரிக்காவில் 2000 அளவிலான மொழிகள் பேசப்படுகின்றன. இணையவழி ஆலோசனையோ பெரும்பாலும் ஆங்கிலம், பிரெஞ்சு, அரபு என்ற சில மொழிகளுக்குள் நின்றுவிடுகிறது. உகாண்டாவில் 2003-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, 30 கிராமங்களில் குழுவாக அமர்ந்து பேசும் முறை மனச்சோர்வைப் பெரிதும் குறைத்ததைக் காட்டியது. அந்த ஆய்வாளர்கள் செய்த முதல் வேலை, ஊர் மக்களிடம் சென்று, 'இந்தத் துன்பத்திற்கு நீங்கள் என்ன பெயர் சொல்கிறீர்கள்?' என்று கேட்டறிந்ததுதான். மக்கள் தங்கள் லுகாண்டா மொழியிலேயே பெயர்களைச் சொன்னார்கள். நோயின் பெயரை மக்களிடமிருந்து பெற்ற பின்னரே அவர்கள் மருந்தைப் பற்றிப் பேசினார்கள்.

முதலாளி தரும் தொலைபேசி எண்

இனி வேலையிடத்திற்கு வருவோம். மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகில் ஆண்டுதோறும் 1200 கோடி வேலை நாள்கள் வீணாகின்றன என்பதும், அதன் இழப்பு 1 இலட்சம் கோடி அமெரிக்க டாலர் என்பதும் உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. எனவே, ஆப்பிரிக்காவிலும் பெரிய நிறுவனங்கள் தம் பணியாளர்களுக்கு இணையவழி ஆலோசனையை இலவசமாக வழங்க முன்வருகின்றன. இது வரவேற்கத்தக்கதே. சொந்தப் பணத்தில் ஆலோசகரைத் தேட முடியாத கோடிக்கணக்கானோருக்கு வேலையிடம்தான் ஒரே வாயில்.

ஆயினும், இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. அதையும் என் நண்பரிடமிருந்தே கற்றேன். அவருடைய கல்லூரியும் ஓர் அட்டையைக் கொடுத்திருக்கிறது. அதில் ஓர் எண், நாள் முழுவதும் அழைக்கலாம், கட்டணம் இல்லை. அவர் ஒருமுறைகூட அழைத்ததில்லை.

"அந்த அட்டையைத் தந்த மேசையும் என் வேலை அனுமதியைப் புதுப்பிக்கும் மேசையும் ஒன்றுதான், சிக்கு" என்றார்.

அந்த எண்ணில் பேசப்படுவது வெளியே போகாது என்றே நானும் எண்ணுகிறேன். ஆனால், அவ்வாறு அவருக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. வேலை போனால் நாட்டைவிட்டே போக வேண்டிய ஒருவர், உறுதி இல்லாத இடத்தில் தம் நெஞ்சைத் திறப்பாரா? எனவே, இலவசமாகக் கிடைப்பதை விட்டுவிட்டுத் தம் ஊதியத்திலிருந்து லாகோசுக்குப் பணம் அனுப்புகிறார்.

இதைவிடக் கடுமையான நிலை கென்யாவில் வெளிச்சத்துக்கு வந்தது. முகநூலில் ஏற்றப்படும் கொலை, வன்புணர்வு, சிறார் வதை போன்ற காட்சிகளைப் பார்த்து நீக்கும் பணியை, மெட்டா நிறுவனத்திற்காக நைரோபியில் சாமா என்னும் ஒப்பந்த நிறுவனம் செய்துவந்தது. எத்தியோப்பியா, சோமாலியா, உகாண்டா, தென்னாப்பிரிக்கா எனப் பல நாட்டு இளைஞர்கள், அவரவர் மொழியறிவுக்காகவே அங்கே வேலைக்கு எடுக்கப்பட்டனர். தாய்மொழி தெரிந்ததால் கிடைத்த வேலை. தாய்மொழியிலேயே அலறல்களைக் கேட்கும் வேலை. 2022 பிப்ரவரியில் 'டைம்' இதழ் இதனை வெளிப்படுத்தியது. அதே ஆண்டு மே மாதம், முன்னாள் பணியாளரான தென்னாப்பிரிக்கர் டேனியல் மொட்டாங் வழக்குத் தொடுத்தார். 2023-இல் 180-க்கும் மேற்பட்டோர் மற்றொரு வழக்கைத் தொடுத்தனர். 2024 செப்டம்பரில், மெட்டாவின் மீது கென்யாவில் வழக்கு நடத்தலாம் என அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு டிசம்பரில், கென்யாட்டா தேசிய மருத்துவமனையின் மனநலப் பிரிவுத் தலைவர் இவர்களில் 140-க்கும் மேற்பட்டோரைச் சோதித்து, அதிர்ச்சிக்குப் பின்வரும் மனக்காயம் அவர்களுக்கு இருப்பதாக அறிக்கை அளித்த செய்தி வெளியாயிற்று.

நான் கவனித்தது ஒன்று. அங்கே ஆலோசகர்களே இல்லை என்பதன்று குற்றச்சாட்டு. ஆலோசகர்கள் இருந்தார்கள், நிறுவனங்களும் அதையே தம் பதிலாகக் கூறின. ஆனால், அந்தத் துணை போதவில்லை, ஓய்வு நிமிடங்கள்கூட அளந்து தரப்பட்டன, பேசிவிட்டுத் திரும்பினால் அதே திரையில் அதே காட்சிகள் காத்திருந்தன என்பதே பணியாளர்களின் முறையீடு. காயம் உண்டாகும் வேகத்தில் கட்டுப் போட்டுக்கொண்டே இருந்தால் காயம் எப்பொழுது ஆறும்?

2022-இல் வெளிவந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் வேலையிட மனநல வழிகாட்டியும், வேலையின் சுமை, நேரம், முறை ஆகியவற்றைச் சீர்செய்வதை முதன்மையாக வலியுறுத்துகிறது. அதாவது, மாற வேண்டியது பணியாளரின் மனம் மட்டுமன்று, பணியும்தான்.

சட்டத்தின் நிழல்

வாய் திறக்க அஞ்சுவதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாக்கும் சட்டத்தை, ஆங்கிலேயர் தாம் ஆண்ட பல நாடுகளில் விட்டுச் சென்றனர். இங்கிலாந்து 1961-இல் அதைக் கைவிட்டது. கானா 2023-இல் நீக்கியது. கென்யாவின் உயர்நீதிமன்றம் 2025 ஜனவரியில்தான் அந்தப் பிரிவு அரசமைப்புக்கு முரணானது என்றது. நாம் மட்டும் முந்திக்கொண்டோமா? மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 309-ஆம் பிரிவு நீங்கியதும் 2023-இல்தான். நைஜீரியாவிலோ ஆங்கிலேயர் காலத்துப் 'பைத்தியக்காரர் சட்ட'த்திற்கு மாற்றாகப் புதிய மனநலச் சட்டம் 2023 ஜனவரியில்தான் ஒப்பம் பெற்றது. 'எனக்கு வாழப் பிடிக்கவில்லை' என்று சொல்வதே காவல் நிலையத்தில் கொண்டுபோய் விடுமோ என்ற அச்சம் தலைமுறைகளாக ஊறியிருந்தால், எந்தச் செயலியால் அதை ஒரே நாளில் போக்க முடியும்?

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

இணையவழி ஆலோசனை வேண்டாம் என்பதன்று என் கருத்து. அது வேண்டும், இன்னும் மலிவாக, இன்னும் பல மொழிகளில், இணையமே இல்லாத சாதாரணக் கைப்பேசியிலும் வேண்டும். ஆனால், ஹராரேயின் பாட்டிமாரிடம் வெற்றி பெற்றது மர இருக்கையன்று. நெடுந்தொலைவிலிருந்து என் நண்பரைத் தேற்றுவது காணொளித் திரையுமன்று. தன் ஊர் வாழ்வை அறிந்த ஒருவர், தன் மொழியில், தன் சோற்றில் கைவைக்கும் அதிகாரம் இல்லாதவராய் அமர்ந்து கேட்கிறார் என்ற நம்பிக்கையே இரண்டிலும் வேலை செய்தது.

ஆகவே, லாகோசிலோ நைரோபியிலோ நம் நாட்டிலோ, முதலாளி ஒருவர் மனநல ஆலோசனை எண்ணைக் கொடுத்தால், நன்றி கூறி வாங்கிக்கொண்டு மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

1. நான் பேசுவது யார் காதுக்குப் போகும், யார் காதுக்குப் போகாது? அதை எழுத்தில் தருவீர்களா?

2. மறுமுனையில் இருப்பவருக்கு என் மொழியும் என் வாழ்க்கையும் தெரியுமா?

3. இந்த வேலையே என்னை வாட்டுகிறது என்று பலரும் சொன்னால், வேலையில் ஏதேனும் மாறுமா?

மூன்றாம் கேள்விக்கு 'மாறாது' என்பதே விடையானால், அந்த எண் பணியாளருக்காகத் தரப்பட்டதன்று. நிறுவனத்தின் அறிக்கையை அழகுபடுத்தத் தரப்பட்டது.

ஆசிரியப் பணியில் இருக்கும் நண்பர்களே, நம் ஆசிரியர் அறைகளிலும் இத்தகைய சுற்றறிக்கைகள் ஒட்டப்படுகின்றன. அடுத்த முறை அதைக் கடந்து போகும்போது, பக்கத்து நாற்காலியில் இருப்பவர் சில நாள்களாக ஏன் பேசாமல் இருக்கிறார் என்பதையும் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள். ஆலோசகரிடம் போக வேண்டியவரை ஆலோசகரிடம் அனுப்புவதற்கும், முதலில் ஒருவர் கேட்டிருக்க வேண்டுமல்லவா?

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியன்